உடலகத்துத் தீயும் அடுக்களைப் புகையும்

(பவானிபூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

சங்கச் செயலாளர் அவர்கள், "இவ்வாண்டு நீங்களும் ஒரு பொருள் பற்றிப் பேசவேண்டும்" என்று எம்மைப் பணித்தபொழுது, யாம் முதலில் மறுத்தோம். இம்மேடையில் புலவர்கள் பேசியிருக்கின்றனர், பேராசிரியர்கள் பேசியிருக்கின்றனர். யாமோ பத்தாம் வகுப்பு மட்டும் தேறி, இரயில்வேயில் சரக்கு எழுத்தராகக் காலம் கழிக்கின்றோம். வண்டியில் ஏறிய எடையும் ஏட்டில் ஏறிய எடையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதே எம் தொழில். எனினும், எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி எம்மைச் சில நூல்களைத் தேடிப் படிக்கச் செய்தது. படித்தவற்றில் எழுந்த ஐயங்களை ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தோம். அவற்றை நம் காலனிக் குடும்பங்கள் அறிந்துகொள்வது நன்று என்று தோன்றியமையால் இசைந்தோம். நம் உடலுக்குள்ளே ஒரு தீ எரிகின்றது. அத்தீ நம்மைக் காப்பது எவ்வாறு? அதுவே நம்மைச் சுடுவது எப்பொழுது? இவையே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

எம் தமக்கையார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் இசைவு பெற்றே இதனைச் சொல்கின்றோம். எமக்கு ஐந்து வயதாயிருந்தபொழுது அன்னையார் மறைந்தார். அன்று பதினேழு வயதே நிரம்பியிருந்த தமக்கையார், பவானிபூரில் ஒரு சந்துக்குள் இருந்த எம் வாடகை வீட்டின் அடுக்களையைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். வங்காளிகள் 'உனுன்' என்று கூறும் வாளி அடுப்பை இங்குள்ள பெரியோர் அறிவீர்கள். அதில் நிலக்கரியும், கரித்தூளைப் பிசைந்து உருட்டிக் காயவைத்த 'குல்' உருண்டையும் எரித்தோம். விளக்கு வைக்கும் வேளையில் வாயில்தோறும் ஓர் உனுன் புகையும். மார்கழிப் பனியில் அப்புகை மேலே எழாமல் சந்து முழுவதும் படிந்து நிற்கும். எதிர்வீட்டு விளக்கு மங்கலாய்த் தெரியும். பள்ளிப்பாடம் படிக்கும்பொழுது எம் கண்கள் எரியும். தமக்கையார் எம்மை மாடிக்குப் போகச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் அடுப்பின் முன் இருப்பார். பதினைந்து ஆண்டுகள் இவ்வாறு சென்றன. அதன் பின்னரே எம் வீட்டிற்கு எரிவாயு வந்தது.

அவர் வாழ்நாளில் புகையிலையைத் தொட்டவர் அல்லர். ஆயினும் ஐம்பது வயதைக் கடந்தபின் இருமல் பற்றிக்கொண்டது; மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. மருத்துவர் ஒருவர் நாள்தோறும் உறிஞ்சவேண்டிய மருந்து ஒன்றைத் தந்தார். அதனால் நலமும் இருந்தது. அந்நிலையில் ஒருவர் சில புட்டிகளோடு எம் வீட்டிற்கு வந்தார். "உடம்பில் ஆக்சிஜன் நஞ்சாகிவிட்டது. இம்மாத்திரை அந்நஞ்சை முறிக்கும். இனி வேறு மருந்து வேண்டா" என்றார். வண்ணத்தில் அச்சிட்ட தாளும் காட்டினார். புட்டிகளின் விலையோ எம் திங்கள் ஊதியத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒரு மூட்டையின் எடையைக்கூடத் தராசில் வைக்காமல் ஏட்டில் ஏற்றாத யாம், அவர் சொல்லை எத்தராசிலும் வைத்துப் பார்க்கவில்லை. வாங்கினோம். உறிஞ்சும் மருந்தை நிறுத்தினோம்.

மூன்று திங்கள் சென்றன. குளிர்கால இரவொன்றில் தமக்கையாருக்கு மூச்சு முட்டியது. உதடுகள் நீலம் பாய்ந்தன. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். இரவுப் பணியில் இருந்த வங்க இளம் மருத்துவர், மூச்சு சற்றே சீரானபின் கட்டிலருகே அமர்ந்து, "மாசிமா, இளமையில் எந்த அடுப்பில் சமைத்தீர்கள்? எத்தனை ஆண்டுகள்?" என்று கேட்டார். அதுவரை எவரும் கேளாத கேள்வி அது. யாம் சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்து நீட்டினோம். அவர் அதன் மேலிருந்த எழுத்துகளை முழுவதும் படித்தார். படித்துவிட்டு, "இதில் சொல்லியிருப்பது பாதி உண்மை. அதனால்தான் இது விலைபோகிறது" என்றார்.

அந்தப் பாதி உண்மை எது, விடுபட்ட மறுபாதி எது என்று தேடியதன் விளைவே இவ்வுரை.

காவலர் கைத் தீ

நம் குருதியில் வெள்ளணுக்கள் உள்ளன என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவை நம்மைக் காக்கும் வகையை முதன்முதலாகத் தெளிவாகக் கண்டவர் மெச்னிகாவ் என்னும் இரஷ்ய அறிஞர். 1882-ஆம் ஆண்டு அவர் இத்தாலி நாட்டு மெசினா நகரில் தங்கியிருந்தார். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் உடலையுடைய விண்மீன் உயிரியின் குஞ்சு ஒன்றில் சிறு முள் ஒன்றைக் குத்திவைத்தார். மறுநாட் காலையில் பார்த்தபொழுது, அம்முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் பல கூடி முற்றுகையிட்டிருந்தன. பகைப்பொருளைக் கண்டால் சூழ்ந்து விழுங்கும் அணுக்கள் உடலில் உண்டு என்று அவர் துணிந்தார். 1908-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, வெம்மையுற்று வலிக்கின்றதே, அதுவும் இத்தகைய முற்றுகையே ஆகும். இதனையே மருத்துவ நூலோர் அழற்சி என்பர். அழல் என்றால் தீ. தமிழில் இப்பெயர் எத்துணைப் பொருத்தமாய் அமைந்துவிட்டது என்பதைப் பின்னர்க் காண்பீர்கள்.

விழுங்கிய கிருமியை அவ்வணு எவ்வாறு கொல்கிறது? 1933-ஆம் ஆண்டு பால்டிரிட்ஜ், ஜெரார்டு என்னும் இருவர், வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கும் வேளையில் திடீரென மிகுதியான ஆக்சிஜனை உட்கொள்ளுகின்றன என்று கண்டனர். உழைப்பதற்கு வலிமை வேண்டி அணு மூச்சு வாங்குகிறது என்றே அன்று எண்ணினர். உண்மை வேறு என்பது பின்னரே விளங்கியது. அவ்வணு அந்த ஆக்சிஜனைத் தன் உணவை எரிக்கப் பயன்படுத்துவதில்லை. பகைவன் மேல் எறியும் கொள்ளியாக மாற்றுகின்றது. ஆக்சிஜன் மூலக்கூற்றில் ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாக ஏற்றி, சூப்பராக்சைடு என்னும் அமைதியற்ற பொருளை உண்டாக்குகின்றது. வெள்ளணுக்கள் இதனைச் செய்கின்றன என்பதை 1973-ஆம் ஆண்டு பேபியர் என்பவரும் அவர் தோழர்களும் காட்டினர். சூப்பராக்சைடிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கின்றது. அதனோடு நம் உடலிலுள்ள உப்பின் குளோரைடைச் சேர்த்து, ஹைப்போகுளோரச அமிலம் என்னும் கொடிய பொருளையும் அவ்வணு ஆக்குகின்றது.

தாய்மார்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கிணற்றிலும் தொட்டியிலும் கிருமி ஒழியச் சலவைத்தூள் போடுகின்றோம் அன்றோ? அத்தூள் நீரில் கரைந்ததும் கிருமியைக் கொல்வது இதே ஹைப்போகுளோரச அமிலந்தான். மாநகராட்சி தொட்டியில் செய்வதை, கண்ணுக்குத் தெரியாத ஓர் அணு தன் வயிற்றுக்குள் செய்துகொள்கின்றது. அவ்வமிலத்தை ஆக்கித்தரும் நொதி பச்சை நிறமுடையது. சளியும் சீழும் பச்சைநிறம் கொள்வதற்கு அதுவே காரணம். போரிட்டு மடிந்த காவலர் விட்டுச்சென்ற படைக்கலத்தின் நிறம் அது என்று கொள்ளலாம். இக்காவலருள் நியூட்ரோஃபில் என்னும் ஒரு வகையை மட்டும் நம் எலும்பு மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழப் பதினாயிரம் கோடி என்ற அளவில் படைக்கின்றது.

தீ இல்லாவிடின்

'ஆக்சிஜன் நஞ்சு' என்று கூறி விற்றவர் சொல்லாமல் விட்டது இது. அந்நஞ்சு நமக்கு வேண்டும். வேண்டும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு.

முதற் சான்று, சில குழந்தைகள் பிறவியிலேயே கொண்டுவரும் ஒரு குறை. 1950-களில் அமெரிக்க மருத்துவர்கள் இதனை விளக்கி எழுதினர். அக்குழந்தைகளின் வெள்ளணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல; கிருமியைத் தேடிச் சென்று விழுங்கவும் விழுங்குகின்றன. ஆனால், சூப்பராக்சைடைப் படைக்கும் நொதி அவற்றில் செயற்படுவதில்லை. விழுங்கிய கிருமி சாவதில்லை. எளிய கிருமிகளும் பூஞ்சைகளும் நுரையீரலிலும் ஈரலிலும் கட்டிகளை உண்டாக்கும். அந்நாளில் அக்குழந்தைகள் பெரும்பாலும் இளமையிலேயே மறைந்தனர். கையில் கொள்ளியில்லாத காவலர் நூறாயிரம் பேர் இருந்து என்ன பயன்?

இரண்டாம் சான்று, நாம் பிறந்த மண்ணையும் நாம் வாழும் மண்ணையும் ஒருங்கே பிணைப்பது. காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் வங்கத்தையும் அசாமையும் பாழாக்கிய கதையை இவ்வூர்ப் பெரியோர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். மண்ணீரல் வீங்கி, உடல் மெலிந்து, மேனி கறுத்து மக்கள் மாண்டனர். டம்டம் பாசறையில் இருந்து நோயுற்று, தாய்நாடு திரும்பி மாண்ட வெள்ளைச் சிப்பாய் ஒருவனின் மண்ணீரலில் லீஷ்மன் என்பவர் நுண்ணிய உருவங்களைக் கண்டார். 1903-இல் அதனை வெளியிட்டார். அதே ஆண்டு நம் சென்னையில், அரசினர் பொது மருத்துவமனை நோயாளிகளிடம் டோனவன் என்பவரும் அவ்வுருவங்களைக் கண்டார். ஆகவே, அவ்வொட்டுண்ணியின் பெயரில் இருவர் பெயரும் இணைந்து, அது லீஷ்மேனியா டோனவானி என வழங்கலாயிற்று. கல்கத்தாவும் சென்னையும் ஒரு நோயின் பெயரில் உறவு கொண்டாடுகின்றன என்று சொன்னால் பொருந்தும்.

அவ்வொட்டுண்ணி குடியிருக்கும் இடம் எது தெரியுமா? கிருமியை விழுங்கும் பெருவிழுங்கி அணுவின் வயிறே அதன் வீடு! தன்னை எரிக்கவேண்டிய காவலன் வீட்டிலேயே அது குடிபுகுந்து பெருகுகின்றது. தன் மேலுறையிலுள்ள ஒரு பொருளால், காவலன் தீ மூட்டும் பொறியைப் பொருந்தவிடாமல் தடுக்கின்றது. மீறி எழும் தீயை அணைப்பதற்கென்று, மனித உடலில் காணப்படாத டிரைபனோதையோன் என்னும் காப்புப்பொருளையும் தன்னகத்தே வைத்திருக்கின்றது. இப்பொருள் அறியப்பட்டது 1985-ஆம் ஆண்டில்.

ஆனால் அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1920-இல், நம் சியால்தாவிலிருந்த கேம்பெல் மருத்துவமனையின் சிற்றறை ஒன்றில், புகை கக்கி மங்கலாய் எரிந்த விளக்கின் ஒளியில், உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்னும் வங்கப் பெருமகனார் யூரியா ஸ்டிபமின் என்ற மருந்தைக் கண்டார். அது அஞ்சனக்கல்லிலிருந்து பெறப்படும் ஆண்டிமனியைக் கொண்டது. எண்ணற்ற உயிர்களை அது காத்தது. ஆண்டிமனி, அவ்வொட்டுண்ணியின் தீயணைக்கும் காப்பைக் குலைத்துவிடுகின்றது என்றும், அதனால் காவலன் மூட்டும் தீ மீண்டும் பயன் தருகின்றது என்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் உரைத்தனர். ஆண்டுகள் பல கழிந்தபின் பீகார்ப் பகுதியில் ஒட்டுண்ணி ஆண்டிமனிக்கும் பழகிவிட்டமையால், இன்று வேறு மருந்துகள் வழங்கப்பெறுகின்றன. எவ்வாறாயினும், கேம்பெல் மருத்துவமனை தந்த பாடம் ஒன்றே: உடலகத்துத் தீ அணைந்தால் பகை வெல்லும்.

வேலியே பயிரை மேய்தல்

நிற்க. இனி அத்தீ மிகுந்தால் வருவதைப் பார்ப்போம்.

காவலன் எறியும் கொள்ளிக்குத் தன்வீடு, பிறர்வீடு என்ற வேறுபாடு தெரியாது. கிருமியின் தோலைச் சுடுவதுபோலவே நம் நுரையீரலின் மென்திசுவையும் சுடும். ஆதலின் இயற்கை, தீ மூட்டுவோரோடு தீயணைப்போரையும் உடலில் வைத்திருக்கின்றது. சூப்பராக்சைடைத் தணிக்கும் நொதி ஒன்றை 1969-இல் மெக்கார்டு, ஃபிரிடோவிச் என்னும் இருவர் கண்டனர். ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் கேட்டலேசு என்னும் நொதி மற்றொன்று. குளூட்டாதையோன் என்னும் காப்புப்பொருள் பிறிதொன்று. மூட்டுவோரும் அணைப்போரும் நிகராக இருக்கும்வரை உடல் நலமாக இருக்கும். மூட்டுவது மிகுந்து, அணைப்பது குறைந்துவிட்ட நிலையையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று நூலோர் குறிப்பிடுகின்றனர்.

இங்கே இரயில்வேக்காரர் ஒரு சொல் சொல்ல இடந்தர வேண்டும். இத்தீப்பொருள்கள் சுடுவதோடு நிற்பதில்லை, சமிக்ஞையும் தருகின்றன. அணுவுக்குள் பெராக்சைடு சற்றே மிகுந்தவுடன், கைகாட்டி இறங்குவதுபோல் சில பொறிகள் இயங்குகின்றன. அவற்றால் அணு, 'இங்கே ஆபத்து, வருக' என்று கூவும் புரதங்களைக் குருதியில் விடுகின்றது. கூக்குரல் கேட்டு மேலும் வெள்ளணுக்கள் வருகின்றன. வந்தவை மேலும் தீ மூட்டுகின்றன. அத்தீ மேலும் சமிக்ஞை தருகின்றது. கிருமி அழிந்தவுடன் கைகாட்டி மீண்டும் தடுப்புநிலைக்குத் திரும்பினால் எல்லாம் நலமே. திரும்பாவிட்டால்? வண்டிமேல் வண்டி வந்து நிற்கும் நிலையந்தான்!

திரும்பாமல் நிற்பது எப்பொழுது? எரிக்க முடியாத பகைவன் நாள்தோறும் வந்துகொண்டிருக்கும்பொழுது. புகைத்துகள் அத்தகைய பகைவன். 2.5 மைக்ரான் அளவுக்கும் குறைந்த துகள், தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழானது. அது மூக்கின் மயிரையும் தொண்டையின் சளியையும் கடந்து நுரையீரலின் கடைசி அறைவரை செல்லும். அங்கே காவல்புரியும் பெருவிழுங்கி அணு அதனைக் கிருமி என்றெண்ணி விழுங்கும், தீ மூட்டும். கரி எரிந்து முடிந்த மிச்சத்தை மீண்டும் எரிப்பது எங்ஙனம்? துகள் அழிவதில்லை, அதில் ஒட்டியுள்ள இரும்பு முதலிய உலோகங்கள் தீயை மேலும் வளர்க்கின்றன. காவலன் வீணாய் எரித்து எரித்துத் தானும் வாடுகின்றான். கரியால் வயிறு நிரம்பிய அவ்வணு, உண்மையான கிருமி வரும்பொழுது அதனை விழுங்கும் வலிமையில் குறைந்துவிடுகின்றது.

அன்பர்களே! இவ்வுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதனை வைத்துக்கொள்ளுங்கள். நாட்பட்ட புகையால் அழற்சி மிகுகின்றது, காவல் குறைகின்றது. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. அதனால்தான் புகையில் வாழ்ந்தவர்க்கு மார்பு எப்பொழுதும் கனன்றுகொண்டிருக்கும். அதனோடு குளிர்காலந்தோறும் சளிக்காய்ச்சலும் எளிதில் தொற்றும். எம் தமக்கையாரின் இருமலும், அந்த இரவில் வந்த மூச்சுமுட்டலும் இவ்விரண்டின் விளைவுகளே என்று மருத்துவர் விளக்கினார்.

நம் தெருவிலேயே கண்ட உண்மை

இவை எங்கோ அயல்நாட்டில் கண்டவை என்று எண்ணற்க. ஹாஜ்ரா முனையில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய்க் கழகத்தை அறியாதார் யார்? தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அவர்கள் தம் இல்லத்தையே மக்களுக்கு ஈந்தார். அங்கே எழுந்த சேவாசதனத்தின் வழிவந்தது அக்கழகம். 1950-ஆம் ஆண்டு சனவரியில் அங்குப் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்துவைத்தவர், கியூரி அம்மையாரின் திருமகளார் இரேன் ஜோலியோ கியூரி அம்மையார் ஆவர்.

அக்கழகத்தைச் சார்ந்த துவிஷா லாஹிரி, மானஸ் ரஞ்சன் ராய் முதலிய ஆராய்ச்சியாளர், கல்கத்தாக் காற்று இவ்வூர் மக்களின் நுரையீரலை என்செய்கின்றது என்று பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். நகரத்துச் சிறுவரின் சளியையும் நாட்டுப்புறச் சிறுவரின் சளியையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்த்து, 2000-ஆம் ஆண்டு வெளியிட்டனர். நகரச் சிறுவர் சளியில் காவலணுக்கள் மிகுந்து, நுரையீரல் முற்றுகைக்குள்ளான நிலை தெரிந்தது. பின்னர், விறகும் சாணவறட்டியும் எரித்துச் சமைக்கும் வங்க நாட்டுப்புறப் பெண்களை, எரிவாயுவில் சமைக்கும் பெண்களோடு ஒப்பிட்டனர். எவரும் புகைபிடிக்காதவர். 2012-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியில், விறகுப் புகையில் சமைத்தவர் குருதியில் தீப்பொருள்கள் மிகுந்திருந்தன. சூப்பராக்சைடைத் தணிக்கும் நொதி குறைந்திருந்தது. அழற்சியை அறிவிக்கும் புரதங்கள் உயர்ந்திருந்தன. மூட்டுவோர் மிகுந்து அணைப்போர் குறைதல் என்று முன்னர்க் கூறினோமே, அஃது இங்கே கண்கூடாயிற்று. தமக்கையாரின் கதையை அவரைக் காணாமலே எழுதிவைத்திருந்தார்கள் என்று எமக்குத் தோன்றியது. எம் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள கட்டடத்தார் எழுதியதை விட்டுவிட்டு, வாயிலுக்கு வந்த வண்ணத்தாளை நம்பினோம்!

இனி மாத்திரைக்கு வருவோம். தீ மிகுந்ததே நோய் என்றால், தீயணைக்கும் மாத்திரையை விழுங்கினால் தீராதா? கேள்வி நியாயமானதே. அறிஞரும் அவ்வாறே நம்பினர். நம்பியதோடு நில்லாமல் தராசிலும் வைத்துப் பார்த்தனர். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்குக் கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டீனை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் பல்லாண்டுகள் கொடுத்தனர். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு மிகுந்திருந்தது. அமெரிக்காவில் பதினெண்ணாயிரம் பேருக்கு மேற்பட்டோரிடம் நடந்த இத்தகைய மற்றொரு சோதனையை, தீங்கு தெரிந்தமையால் 1996-இல் இடையிலேயே நிறுத்தினர். வெளியே புகை தொடர்ந்து வந்துகொண்டிருக்க, உள்ளே ஒரு பொருளை மட்டும் அளவின்றிக் கொட்டுவது நிகர்நிலையைக் கொணராது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுவேயன்றோ!

உணவில் வரும் காப்பு வேறு. கீரையும், பருப்பும், நெல்லியும், கொய்யாவும், நம் லேக் மார்க்கெட்டில் கிடைக்கும் முருங்கையும் தாராளமாக உண்ணுங்கள். தீயணைக்கும் நொதிகளை உடல் தானே படைத்துக்கொள்கின்றது. அதற்கு வேண்டிய செம்பு, துத்தநாகம் முதலியவை அன்றாட உணவில் சிறு அளவில் கிடைத்தால் போதும். குறைபாடு உண்டென மருத்துவர் கண்டால் அவரே மாத்திரை தருவார். ஆனால் புட்டி விற்பவர் சொற்கேட்டு, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தற்க. தமக்கையார் உறிஞ்சிய மருந்து என்ன செய்துவந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம்: அக்கைகாட்டியைத் தடுப்புநிலைக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. அதனைப் பிடுங்கிவிட்டுப் புட்டியைக் கையில் கொடுத்தவர் யாம். அப்பிழை எம்முடையது.

செய்யத்தக்கவை

மருத்துவர் கூறிய மறுபாதி உண்மை இதுதான்: உள்ளே தீயை அணைப்பதற்கு முன், வெளியே புகையை நிறுத்து.

இவ்வகையில் நம் ஊர் சிறிது முன்னேறியிருக்கின்றது. சந்துகளில் உனுன் புகை அடங்கிவிட்டது. 2009-ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற ஆணையின்படி, நீலப்புகை கக்கிய பழைய ஆட்டோக்கள் சாலையிலிருந்து விலக்கப்பட்டன. எனினும் குளிர்காலக் காற்று இன்னும் தூயதன்று. உலக நல நிறுவனம் 2021-இல் விதித்த அளவின்படி, நுண்துகள் ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. நம் நாட்டு விதி ஏற்கும் அளவே 40. தெருக்காற்றை நாம் ஒருவரே மாற்ற இயலாது. வீட்டுக்காற்றை மாற்றலாம்.

கொசுவர்த்திச் சுருளைப் பாருங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நிகர் என்று கணக்கிட்டிருக்கின்றனர். அதனைக் கொளுத்திக் குழந்தையின் கட்டிலடியில் வைத்து, சன்னலையும் சாத்திவிட்டு உறங்குகின்றோம். வலை கட்டினால் என்ன? சாம்பிராணி இடுவதை யாம் தடுக்கவில்லை. சன்னலைத் திறந்துவைத்து இடுங்கள். தாளிக்கும்பொழுது புகைபோக்கி விசிறியை ஓடவிடுங்கள். தீபாவளியிலும் காளிபூசையிலும் வெடிக்கும் வெடிகளை, அடுத்த வீட்டு முதியவரின் மார்பை எண்ணிக் குறைத்துக்கொள்ளுங்கள். பீடியும் சிகரெட்டும் பற்றி யாம் தனியே சொல்லவேண்டியதில்லை; வீட்டு வாயிலில் நின்று பிடித்தாலும் புகை உள்ளே வரும் என்பதை மட்டும் சொல்லிவைக்கின்றோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இதனைச் சொல்லவே யாம் மேடையேறினோம் எனினும் பொருந்தும். ஆண்டுதோறும் நம் சங்க விருந்துக்கும் பொங்கலுக்கும், இம்மண்டபத்தின் பின்கட்டில், மூன்று புறமும் சுவர் சூழ்ந்த முற்றத்தில் விறகடுப்பு மூட்டுகின்றோம். விடியுமுன் தொடங்கி நண்பகல்வரை நம் தாய்மார்களும் சமையற்காரர்களும் அப்புகையில் நிற்கின்றனர். நாம் இங்கே நாற்காலியில் அமர்ந்து, தமிழன்னையின் பெருமையைப் பேசுகின்றோம். அங்கே அன்னையர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை ஊதுகின்றனர். இன்று காலை யாம் பின்கட்டுக்குச் சென்றிருந்தோம். அங்கு நின்றவர்களுள் ஒருவர் எம் தமக்கையார். "நாற்பது ஆண்டாக ஊதிய வாய், இன்று ஒருநாள் ஊதினால் என்ன?" என்றார். எமக்கு விடை சொல்ல வாய் எழவில்லை. அவ்விடையையே இவ்வுரையாக இப்பொழுது சொன்னோம்.

ஆகவே, அடுத்த விருந்து முதல் எரிவாயு அடுப்பு வாடகைக்கு எடுக்கப்படவேண்டும். பொங்கலுக்கு மரபு கருதி ஒரே ஓர் அடுப்பை மட்டும் விறகால் மூட்டி, அதனையும் திறந்த வெளியில் வைக்கவேண்டும். இதனைச் செயற்குழு ஏற்குமாயின், அதற்காகும் செலவில் ஒரு பங்கை யாம் ஏற்கின்றோம். முன்னர்ப் புட்டிகளுக்குச் செலவிட்ட தொகை அளவு கொடுப்பது எமக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

உடலகத்துத் தீ நம் காவற்றீ. அது அணையவும் வேண்டா. அடங்காது எரியவும் வேண்டா. அதற்கு நாம் செய்யும் நன்றி, வீணாக அதனை மூட்டாதிருத்தலே. 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!